கண்காணியும் கங்காணியும்

எந்த மாவட்டத் தலைநகருக்குப் போனாலும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அக்கம்பக்கத்தில் அந்தப் பலகை இருக்கும்: ‘மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்’. மனுவைக் கையில் சுருட்டி வைத்திருப்பவர் அதைக் கண்டதும் நடையில் ஒரு பதவிசு வந்துவிடும். அதே தெருவில் நாலு மனை தள்ளி வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். சாரத்தில் நின்று பூசும் கொத்தனார், கீழே குடையோடு வந்து நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டு, கலவைச் சட்டியை நீட்டும் சித்தாளிடம் முணுமுணுப்பார்: “வந்துட்டாரு பாரு கங்காணி.”

பலகையில் இருப்பதும் முணுமுணுப்பில் இருப்பதும் ஒரே சொல். ஒன்று தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அரசாணைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மற்றது ஆளைப் பழிக்க உதவுகிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்றுக்கு நாற்காலியும் மற்றதற்கு வசவும் வாய்த்தது எப்படி என்று தேடப்போனேன். சமூகவியல் வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தருகிற அந்தஸ்து, பாத்திரம் என்ற இரண்டு கருத்துகளும் இந்தச் சொல்லின் கதைக்குள்ளேயே கிடந்தன.

முதலில் பிறப்பு. கண், காண் இரண்டுக்கும் விளக்கம் வேண்டாம். வினையடியோடு ஓர் ‘இ’ சேர்ந்தால் அந்த வேலையைச் செய்கிற ஆளோ பறவையோ கருவியோ பிறக்கும். வழியைக் காட்டுவது வழிகாட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, மண்ணை வெட்டுவது மண்வெட்டி, ஊர் ஊராய் ஓடித் திரிகிற ஆள் நாடோடி. கண்ணால் காண்கிற ஆள் கண்காணி. இந்த ‘இ’ ஆண்பால் பெண்பால் பார்க்காது. மரங்கொத்தி சேவலா பேடையா என்பதைச் சொல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, நாடோடியும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணால் அல்லாமல் வேறு எதனால் காண்பது என்று கேட்கலாம். தமிழில் உறுப்பையும் சேர்த்துச் சொன்னால் அழுத்தம் கூடும். ‘கண்டேன்’ என்றால் ஏதோ கண்ணில் பட்டது. ‘கண்ணால் கண்டேன்’ என்றால் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று பொருள். கண்காணியின் பார்வை இந்த இரண்டாம் வகை. பார்ப்பதோடு முடியாது, பார்த்ததைப் போய் ஓரிடத்தில் சொல்லியாக வேண்டும்.

வாய்வழக்கில் ணகரம் ஙகரமானது. வெண்காயம் வெங்காயமானது இப்படித்தான்; வெண்கலத்தை இன்றும் பாதி ஊர் வெங்கலம் என்றுதான் சொல்கிறது. பின்னால் வரும் ககரத்துக்காக நாக்கு தன் இடத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்கிறது. கண்காணி, கங்காணி ஆனதில் வேறு எந்த மர்மமும் இல்லை. காணி என்றதும் நிலம் நினைவுக்கு வரலாம். கங்காணிகள் சிலர் பிற்காலத்தில் காணி வாங்கினார்கள் என்பது உண்மை, ஆனால் சொல்லுக்குள் இருப்பது காண்கிற காணி.

பழைய வீட்டைத் தேடினால் கோயில் சுவருக்குப் போக வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்’ என்ற தொடர் நன்றாகத் தெரியும். வைணவக் கோயிலானால் ‘ஸ்ரீவைஷ்ணவக் கண்காணி செய்வார்’. கோயிலுக்கு வந்த நிலமும் நெல்லும் விளக்குக்கு விட்ட ஆடும் சொன்னபடி சொன்ன காரியத்துக்குப் போகிறதா என்று பார்ப்பவர்கள் இவர்கள். கோயில் நிர்வாகம் நடத்துகிற ‘ஸ்ரீகாரியம் செய்வார்’ வேறு, அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற கண்காணி செய்வார் வேறு. கணக்கு எழுதுகிறவரே தணிக்கையும் செய்யக் கூடாது என்ற ஞானம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது.

அந்தத் தொடரில் ‘செய்வார்’ என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். அங்கே கண்காணி என்பது செய்கிற ஒன்று. இன்று செய்வார், நாளை வேறொருவர் செய்வார். வீட்டுக்குப் போனதும் அவர் வேளாளரோ வணிகரோ, இன்னாரின் மகனோ. கண்காணி என்பது அவர் கோயிலில் கழற்றி வைத்துவிட்டு வரக்கூடிய ஒன்று. பிற்காலத்தில் இந்தச் ‘செய்வார்’ உதிர்ந்து, ‘கங்காணி’ மட்டும் ஆளோடு ஒட்டிக்கொண்டது. சொல்லின் வரலாற்றில் பெரிய திருப்பம் அந்த உதிர்வுதான்.

அதற்கு முன் இந்தச் சொல் தெய்வத்தையும் தொட்டு வந்தது. திருமூலர் ஒரு பாட்டில் கண்காணியை வரிக்கு வரி உருட்டியிருக்கிறார். பார்க்க ஆளில்லை என்று நினைத்துத்தான் உலகம் திருடுகிறது. எண்ணிப் பார்த்தால் அந்தக் கண்காணி இல்லாத இடமே கிடையாது. அவன் எங்கும் கலந்து நிற்பதைக் கண்டவர்கள் களவை விட்டுவிட்டார்கள் என்பது பாட்டின் போக்கு. கோயில் கணக்கு பார்க்கிற வேலையின் பெயரைக் கோயிலுக்குள் இருப்பவனுக்கே கொடுத்துவிட்டார்.

கிறிஸ்தவர்களும் விடவில்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் சபையின் தலைவருக்குக் கண்காணி என்றே பெயர். அவருக்குக் கீழே இருப்பவர் உதவிக்காரர். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் ‘எபிஸ்கோபோஸ்’. ‘எபி’ என்றால் மேலே, ‘ஸ்கோபோஸ்’ என்றால் பார்ப்பவர். ஆங்கிலத்து ‘பிஷப்’ அதன் தேய்ந்த வடிவம். சூப்பர்வைசர் என்பதும் மேலிருந்து பார்ப்பவரே, அது லத்தீன் வழி வந்தது. மொழிபெயர்த்தவர்கள் வேரைப் பிடித்து மிகச் சரியாகப் பெயர் சூட்டினார்கள். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட அந்த விவிலியம் வெளிவந்தது 1871இல். அதே ஆண்டில் கடலுக்கு அப்பால், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில், இதே பெயரோடு இன்னொருவர் விடியற்காலையில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவரிடம் போவதற்கு முன் ஒரு சிறு சுற்று.

அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லின்டன் 1936இல் ‘தி ஸ்டடி ஆஃப் மேன்’ என்ற நூலை வெளியிட்டார். அதன்படி, அந்தஸ்து என்பது உரிமைகளும் கடமைகளும் சேர்ந்த ஓர் இடம். அதில் எவர் உட்கார்ந்தாலும் அந்த இடம் அப்படியே இருக்கும். உட்கார்ந்தவர் அந்த உரிமைகளையும் கடமைகளையும் செயலில் காட்டும்போது அது பாத்திரம். பிறப்பாலேயே தலையில் விழுகிற இடங்களும் உண்டு, முயன்று பிடிக்கிற இடங்களும் உண்டு. இன்று பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட பிரிவினை இது.

‘ரோல்’ என்ற சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. பிரெஞ்சில் அது சுருள். நாடக நடிகனுக்கு அவன் பேச வேண்டிய வசனத்தை மட்டும் தாளில் எழுதிச் சுருட்டிக் கொடுப்பார்கள். அந்தத் தாள்சுருளே அவன் பாத்திரம் ஆயிற்று. நாமோ பாண்டத்துக்கும் நாடக வேடத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். இலங்கைப் பாடநூல்காரர்கள் ‘வகிபாகம்’ என்று உருவாக்கிக்கொண்டார்கள், வகிக்கிற பாகம். தொடக்கத்தில் எனக்கு அது கரடுமுரடாகத்தான் பட்டது. இப்போது பாத்திரத்தைவிட அதுவே தேவலை என்று தோன்றுகிறது, அடுப்படி நினைவு குறுக்கே வராது.

அந்தஸ்துக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஆந்திரத்தில் ‘அந்தஸ்து’ என்றால் கட்டடத்தின் மாடி. நாலு அந்தஸ்து வீடு என்றால் நாலு மாடி வீடு. தெலுங்கில் இரண்டு பொருளும் இன்றும் வழங்குகின்றன. தமிழில் மாடி போய் மதிப்பு மட்டும் நின்றது. ஆனாலும் பொருளுக்குள் படிக்கட்டு இருக்கிறது. மேல்தளம், கீழ்த்தளம், நடுவில் ஏறி இறங்குகிறவர்கள். கங்காணியின் முகவரி அந்தப் படிக்கட்டு.

இலங்கையில் கோப்பிப் பயிர் 1830களில் வேகம் பிடித்தது. காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். கண்டிச் சிங்கள விவசாயி தன் வயலை விட்டு இன்னொருவன் மலையில் கூலிக்கு நிற்க மனமில்லாமல் இருந்தார். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் பஞ்சமும் கடனும் இருந்தன. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் நடந்தவர் கங்காணி.

தொடக்கக் காலக் கங்காணி பெரும்பாலும் ஆட்களின் ஊர்க்காரர், உறவுக்காரராகவும் இருப்பார். ஆளைத் திரட்டுவார், வழிச்செலவு பார்ப்பார், தோட்டத்தில் கூலி பேசுவார், பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குக் கூட்டிவருவார். வெள்ளைக்காரத் துரைக்கு ஆட்களின் மொழி தெரியாது, ஆட்களுக்குத் துரையின் நாடே தெரியாது. கூலி பாக்கி ஏறிக்கொண்டே போனால், ஒரு ராத்திரியில் மொத்தக் கூட்டத்தையும் எழுப்பிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடிப்போன கங்காணிகளும் உண்டு. துரைமார்கள் அதைப் பற்றி ஓயாமல் புலம்பியிருக்கிறார்கள்.

இதை மாற்றியது ஒரு பூஞ்சை. 1869இல் கோப்பி இலைகளில் துரு போலப் படர்ந்த நோய் அடுத்த இருபது ஆண்டுக்குள் பயிரையே காலி செய்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்திருந்த தேயிலை மலை முழுவதையும் பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் பருவம் உண்டு. பருவம் முடிந்தால் ஊருக்குப் போகலாம். தேயிலை வாரம் தவறாமல் கொழுந்து விடும், ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பறிக்கப் பெண்களின் கை வேண்டும். கூட்டமாய் வந்தவர்கள் குடும்பமாய்த் தங்கினார்கள், அவர்கள் குடியிருந்த லயன் அறைகள் நீண்டன. வழித்துணையாய் வந்த கங்காணியும் தங்கிவிட்டார். ஊருக்குத் திரும்பாத வழித்துணைக்கு அதன் பிறகு வேறு வேலை வேண்டும். அந்த வேலைதான் பார்ப்பது.

மலையகத்துப் பேச்சில் அந்த அடுக்கு முழுவதற்கும் பெயர் இருந்தது. மேட்டில் பங்களாவில் பெரியதொரை, அவருக்கு உதவியாகச் சின்னதொரை, ஆபீசில் கிளார்க்கர், மலையில் கணக்குப்பிள்ளை. ஆட்கள் பக்கம் வந்தால் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். சில்லறை என்ற அடைமொழியை யார் முதலில் போட்டார்களோ, நோட்டுக்கும் சில்லறைக்கும் உள்ள உறவு மொத்தமும் அதில் வந்துவிட்டது. விடியும் முன் தப்பு அடிப்பார்கள். எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். பெரட்டு என்பது ஆங்கிலத்துப் பரேடுதான், தேயிலைத் தூருக்கு நடுவில் பட்டாளத்து நினைவு. அங்கே தலை எண்ணப்படும்.

தலை எண்ணுவதில்தான் பணம் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்கு இத்தனை சதம் என்று தோட்டம் கொடுக்கும். தலைக்காசு என்று அதற்குப் பெயர். ஆள் காய்ச்சலாய்க் கிடந்தால் ஆளுக்குக் கூலி நட்டம், கங்காணிக்குத் தலைக்காசு நட்டம். லயத்துக் கதவைத் தட்டி எழுப்பிய கங்காணியின் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குக் குணத்தை ஆராய வேண்டாம், இந்தக் கணக்குப் போதும்.

இன்னொன்று கடன். ஆள் பிடிக்கத் தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். ஊர்க் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, ஒரு சேலை வேட்டிக்கு என்று அதை ஆட்கள் தலையில் எழுதுவார். எழுதும் கை அவருடையது, வாசிக்கத் தெரிந்த கண்ணும் அவருடையது. தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இந்தக் கங்காணியும் ஆட்களும் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டக்காரர் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார், கடன் புதுப் பேரேட்டுக்கு மாறும். ஆள் பஞ்சக் காலங்களில் துண்டின் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள் என்று மலையகத்தில் இன்றும் பேச்சு உண்டு. தூரைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது இந்தச் சீட்டு.

சமூகவியலார் பாத்திரத்துக்கு ஒரு கூட்டல் கண்டுபிடித்தார்கள். ராபர்ட் மெர்டன் 1957இல் சொன்னது: ஓர் இடத்தில் இருப்பவருக்கு ஒரே பாத்திரம் கிடையாது, எதிரே நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொன்று. பெரிய கங்காணியை வைத்து அந்த அத்தியாயத்தை எழுதியிருக்கலாம். துரைக்கு முன் அவர் குடையை மடக்கிக் கையில் பிடித்து நிற்கிற வேலைக்காரர். முன்பணம் கொடுத்த செட்டியாருக்குக் கடன்காரர். லயத்துக்குக் கடன் கொடுத்தவர். அரிசிக் கணக்கில் கடைக்காரர். மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவர், காமன் கூத்துக்குக் கம்பு நட நாள் குறிக்கிறவர். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் நாட்டாமை, கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கிற பெரியவர். ஊருக்கு வந்தால் கடுக்கனும் கோட்டும் தலைப்பாகையுமாய்ச் சிலோன் கங்காணி. இத்தனையும் ஒரே ஆள்.

இது முயன்று பிடித்த இடமா, பிறப்பால் வந்த இடமா என்று லின்டனைக் கேட்டால் அவரும் தலையைச் சொறிந்திருப்பார். கூலியாக வந்து கங்காணியானவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரிய கங்காணிகளில் பெரும்பகுதி ஊரில் கொஞ்சமாவது நிலமுள்ள சாதிகள். கொழுந்தெடுத்தவர்களில் பெரும்பகுதி நிலத்தைத் தொட மட்டும் உரிமையிருந்த ஒடுக்கப்பட்ட சாதிகள். கடல் தாண்டினால் சாதி போகும் என்ற பழைய பயத்தைக் கங்காணி தீர்த்துவைத்தார், சாதியையும் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தார். லயத்தில் எந்த அறை யாருக்கு என்பதில் ஊர்த் தெருவின் வரைபடம் மறுபடி விரிந்தது. முயன்று பிடித்த இடமும் இரண்டாம் தலைமுறையில் பிறப்பால் வருவதாயிற்று. கங்காணி மகன் கங்காணி. ‘செய்வார்’ உதிர்ந்துபோன காலம் என்று நான் சொன்னது இதைத்தான்.

பெயராக உறைந்துபோன இன்னொரு சான்று சிங்களத்தில் இருக்கிறது. அங்கே இந்தச் சொல் ‘கங்கானம்’ என்று போய், மேற்பார்வை பார்க்கும் சிறு அதிகாரியைக் குறித்தது. சிங்களவர்களின் நீண்ட குடும்பப் பெயர்களில் ‘கங்கானம்கே’ அடிக்கடி வரும். ‘கே’ என்றால் வீடு, கங்காணி வீட்டார். அந்தப் பெயரைத் தாங்கியவர் இன்று வங்கியில் இருக்கலாம், பேருந்து ஓட்டலாம். எதையும் மேற்பார்வை பார்த்திருக்க வேண்டியதில்லை. கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடியதாயிருந்த ஒன்று, அங்கே வீட்டுக்கே பெயராகிவிட்டது.

மலாயாவில் கதை கொஞ்சம் மாறும். அங்கே முறிச்சீட்டு ஒப்பந்தம் 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை மேலோங்கியது. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்கு வந்து ஆள் திரட்டுவார், ஆவடி முகாம் அல்லது நாகப்பட்டினம் முகாம் வழியாகக் கப்பல். 1938இல் இந்திய அரசு தடைபோட்டதும் அது நின்றது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் தடை வந்தது. பால்மரக் காட்டில் மண்டோர் என்ற போர்த்துகீசிய வழி வந்த மலாய்ச் சொல்லும் கங்காணியோடு பக்கத்தில் நின்றது. நம் ஆனைமலையில் அந்த வேலையின் பெயர் மேஸ்திரி, அதுவும் போர்த்துகீசியம். டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ அங்கே நடந்ததைச் சொல்லும் நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’. அதைத் தழுவி 2013இல் ‘பரதேசி’ வந்தபோது, ஆள் பிடிக்கிறவர் திரையில் கங்காணியாகவே வந்தார். மேஸ்திரி என்றால் இன்று கட்டட வேலை செய்கிற நல்ல மனிதர் நினைவுக்கு வருவார். கங்காணி என்றால்தான் கொட்டகை முறைக்கும்.

மலையகத் தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொல், பிடித்த என்பதைவிட விடாமல் உறுத்துகிற சொல், ‘பேர்’. அங்கே ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். ‘இன்னிக்குப் பேர் விழுந்திச்சா?’ என்றால் கூலி பதிவாயிற்றா என்று அர்த்தம். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் ‘அரைப்பேர்’. பாதிக் கூலி. பெயர் பதியும் ஏட்டுக்குச் செக்ரோல் என்று பெயர். அந்த ‘ரோல்’ நடிகன் கையில் இருந்த அதே சுருள்தான். பாரிஸ் மேடையில் ஒருவன் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள், ஹட்டன் மலையில் ஒருத்தி இன்று முழு ஆளா அரை ஆளா என்று எழுதிவைக்கிற தாளாயிற்று. சமூகவியலார் ரோல் என்ற சொல்லுக்கு மேடையில் உவமை தேடினார்கள். தேயிலை நிறுக்கிற கொட்டகையில் தேடியிருந்தால் உவமையே தேவைப்பட்டிருக்காது.

படிக்கட்டில் நிற்பவரின் சங்கடம் உலகம் முழுவதும் ஒன்றுதான். ஹார்வர்டைச் சேர்ந்த ரோத்லிஸ்பெர்கர் 1945இல் தொழிற்சாலை ஃபோர்மனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதலாளிக்கு ஒரு பேச்சு, தொழிலாளிக்கு ஒரு பேச்சு என்று இரட்டை நாக்கு வைத்துக்கொண்டால்தான் ஃபோர்மன் பிழைக்க முடியும். அவரே அதன் எசமான், அவரே அதன் பலியாள் என்பது ரோத்லிஸ்பெர்கரின் கட்சி. கங்காணிக்கும் அனுதாபம் காட்டலாம்தான். ஆனால் ஃபோர்மன் ஆட்களுக்குக் கடன் கொடுக்கவில்லை, அரிசிக் கடை வைக்கவில்லை, திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்ளவில்லை. அனுதாபத்துக்கு ஓர் அளவு உண்டு.

பிறகு சரிவு. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இல் எல்லோருக்கும் வாக்கு என்றார்கள். 1939இல் நேரு வந்துபோனதோடு இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசின் குண்டுக்கு இறந்தார். லயத்தில் ‘தலைவர்’ என்ற புதுப் பெயர் கிளம்பியது. துரையிடம் பேசுவது இனி தோட்டத் தலைவரின் வேலை. மேலிருந்து வருகிற சொல்லைக் கீழே கொண்டுவந்த கங்காணியின் படிக்கட்டில், கீழிருந்து மேலே போகிறவர் ஏறத் தொடங்கினார்.

ஆனால் படிக்கட்டு அதேதான், சில நேரம் குடும்பமும் அதேதான். அரை நூற்றாண்டு மலையக அரசியலை ஆண்ட சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா கூலியாக வந்து, பெரிய கங்காணியாகி, வெவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மலைநாட்டுத் தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையும் கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பாடல்களில் கங்காணிக்கு விழுகிற திட்டை அவர் ஒளிக்கவில்லை. தன் பாட்டனின் பட்டத்தைப் பழிக்கிற பாட்டைத் தானே நோட்டில் எழுதிக்கொள்வதற்கு ஒரு மனசு வேண்டும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி, கொழுந்துக்காரி என்ற அடுக்கை அது பார்க்கவில்லை, பெரும்பாலோரை ஒரே கோட்டில் நாடற்றவராக நிறுத்தியது.

இதற்கிடையே தமிழ்நாட்டில் ஆட்சிமொழிக்காரர்கள் சூப்பரின்டென்டென்ட்டுக்குத் தமிழ் தேட வேண்டியிருந்தது. கங்காணி என்று போட்டிருந்தால் மாவட்டத்துக்கு மாவட்டம் கலவரம் நடந்திருக்கும். தேய்ந்த வடிவத்தை விட்டுவிட்டு, தேயாத ணகரத்தை எடுத்து, ‘ப்பு’ போட்டு, ‘ஆளர்’ ஒட்டி, கண்காணிப்பாளர் ஆக்கினார்கள். அதே சொல்லைத் தேர்வு அறைக்கும் கொடுத்தார்கள், அலுவலகத்துக்கும் கொடுத்தார்கள். ஓரெழுத்து மாறியதும் கறை போய்விட்டது. உச்சரிப்பிலும் சாதி உண்டு என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டாம்: ஏட்டில் எழுதுகிறபடி சொன்னால் அதிகாரி, வாய் சொல்கிறபடி சொன்னால் அடியாள். இடதுசாரி மேடைகளில் ஏகாதிபத்தியத்தின் கங்காணி என்பார்கள். ஏகாதிபத்தியத்தின் கண்காணிப்பாளர் என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ இடமாற்ற உத்தரவு போல ஒலிக்கும்.

கடைத்தெருவில் ‘இப்பகுதி கண்காணிப்புக் கேமராவின் பார்வையில் உள்ளது’ என்று எழுதியிருப்பதை வாசிக்கும்போது திருமூலர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. கண்காணி இல்லாத இடமில்லை. கடைக்காரர் திருமந்திரம் எதுவும் படித்து அதை எழுதவில்லை.

மலையகத்தில் கங்காணி இன்னும் இருக்கிறார். கடன் சீட்டும் கடையும் தலைக்காசும் போன பழைய பெருமைக்காரர் இல்லை. செக்ரோலில் தன் பேரும் விழுந்தால்தான் கூலி என்று நிற்கிற ஒரு தொழிலாளி. கொழுந்து மலையில் நிரையாக நிற்கும் பெண்களுக்குப் பின்னால் கம்போடு நிற்பார், முற்றிய இலை விழுந்தால் சத்தம் போடுவார். பறிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், பார்ப்பவர் தலைமுறை தலைமுறையாக ஆண். கங்காணியம்மா என்று ஒரு சொல் இருந்தது, அது கங்காணியின் மனைவிக்கு. அந்தப் பெயரைத் தானே வாங்க ஒரு பெண்ணுக்கு நூற்றைம்பது ஆண்டு வழி இருக்கவில்லை.

அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் பெண்களையும் கங்காணியாக நியமித்திருக்கிறார்கள். பதவிப் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மரங்கொத்தி, நாடோடி, வழிகாட்டி போலவே அது முதல் நாளிலிருந்தே எந்தப் பாலையும் சொல்லாத சொல்.